பக்கத்து வீட்டுச் சொல்

அன்புள்ள பாலா,

நீ ஃபோன் பண்ணும்போதெல்லாம் நான் இரண்டு வார்த்தை பேசிவிட்டு உன் அம்மாவிடம் கொடுத்துவிடுகிறேன் என்று உனக்கு ஒரு குறை இருக்கிறது. மறுமுனையில் ஒருவர் காத்துக்கொண்டிருக்கிறார் என்ற நினைப்பே என் நாக்கைக் கட்டிப்போட்டுவிடுகிறது. எழுதும்போது அந்தத் தொல்லை இல்லை. சொல் வரும்வரை பேனாவைப் பிடித்துக்கொண்டு எதிர்வீட்டு மாடியில் காயும் துணிகளைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். எனக்குப் பேச்சுப் பயிற்சி கொடுக்கிற ஃபர்ஹானா மேடம் தினமும் கொஞ்சமாவது எழுதச் சொல்லியிருக்கிறார். எதை எழுதுவது என்று கேட்டேன். "பேட்டே கி ஷாதி ஹை நா, உஸ்கோச் லிக்கோ அங்கிள்" என்றார். பையனுக்குத்தான் கல்யாணம் வருகிறதே, அவனுக்கே எழுதுங்கள் என்று. அப்படி ஆரம்பித்ததுதான் இது. வலது கை இப்போது பேனாவை ஒழுங்காகப் பிடிக்கிறது. வரிகள் மட்டும் கடைசியில் கொஞ்சம் கீழே சரிகின்றன, பொறுத்துக்கொள்.

தமிழில் எழுதுவதற்குக் காரணம், எனக்கு எழுத வருவது அது ஒன்றுதான். செகந்திராபாத்தில் அந்தக் காலத்தில் இருந்த தமிழ்ப் பள்ளியில் படித்தவன் நான். தெலுங்கு பேசுவேன், ஹிந்தி பேசுவேன், மார்க்கெட்டுக்கு வேண்டிய அளவு இங்கிலீஷும் பேசுவேன். பேனாவை எடுத்தால் தமிழ்தான். சின்ன வயதில் நாங்கள் தமிழில் கேட்பதற்கெல்லாம் தெலுங்கிலோ இங்கிலீஷிலோ பதில் சொல்லிக்கொண்டிருந்த நீ, சென்னையில் காலேஜ் படிக்கப் போய் பஸ் போர்டுகளைப் பார்த்தே எழுத்துக்கூட்டக் கற்றுக்கொண்டு வந்தாய். அந்தத் தைரியத்தில் எழுதுகிறேன். மெதுவாகப் படி. சாஹிதிக்கும் படித்துக்காட்டு. அவளுக்குப் புரியாத இடத்தில் நிறுத்தித் தெலுங்கில் சொல். இதில் பாதி அவள் கதைதான்.

மீதிப் பாதி உன் அம்மாவின் கதை. அவள் ஹப்சிகுடா ஆபீசில் என்ன வேலை செய்கிறாள் என்று கேட்டால் "டைப்பிங்" என்றுதான் நீ பள்ளிக்கூடத்தில் சொல்லிவந்தாய். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். நீ இரண்டாவதோ மூன்றாவதோ படிக்கும்போது அவள் அந்த வேலையில் சேர்ந்தாள். அமெரிக்காவில் டாக்டர்கள் நோயாளியைப் பார்த்துவிட்டு வாயால் சொல்லிப் பதிவு செய்வதை இங்கே காதில் ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு கேட்டு, எழுத்தாக்கி அனுப்ப வேண்டும். சில டாக்டர்கள் சாப்பிட்டுக்கொண்டே பேசுவார்களாம், சிலர் கார் ஓட்டிக்கொண்டே. அதில் எது எந்தச் சொல் என்று பிரித்தெடுப்பதுதான் இவள் வேலை. பால்பேஷன் என்றால் டாக்டர் கையால் அழுத்திப் பார்ப்பது. பால்பிட்டேஷன் என்றால் நெஞ்சு படபடப்பது. காதுக்கு இரண்டும் அக்கா தங்கை மாதிரி. மாற்றிப் போட்டால் நல்லா இருக்கிற மனிதனுக்கு இதய நோய் வந்துவிடும் என்பாள். ஹைப்பர் என்றால் கூடுதல், ஹைப்போ என்றால் குறைவு. ரத்த அழுத்தத்தில் அதை மாற்றினால் என்ன ஆகும் என்று நீயே யோசித்துக்கொள்.

சாப்பாட்டு நேரத்திலும் அவளுக்கு அந்த ஹெட்ஃபோன் கழன்றதில்லை. உனக்கு ஞாபகம் இருக்கும், ஒரு நாள் நான் மார்க்கெட்டிலிருந்து வந்து "தலைவலி விடவே இல்ல" என்று உட்கார்ந்தேன். தட்டில் சாதம் போட்டுக்கொண்டே, "கன்டினுவஸா, கன்டினுவலா?" என்று கேட்டாள். எனக்குக் கோபம் வந்தது. தலைவலிக்கு எதற்கு இலக்கணம் என்றேன். அவள் பொறுமையாகச் சொன்னாள்: "இடைவெளியே இல்லாம வலிச்சிக்கினே இருந்தா கன்டினுவஸ். விட்டு விட்டுத் திரும்பத் திரும்ப வந்தா கன்டினுவல். நீங்க காலையில டீ குடிக்கறப்ப சிரிச்சிப் பேசிக்கினுதானே இருந்தீங்க." நீ சாப்பிட்டுக்கொண்டே சிரித்தாய். எனக்கும் யோசித்துப் பார்த்தால், நடுவில் இரண்டு முறை வலி நின்றிருந்தது என்பது அப்போதுதான் உறைத்தது. விடாத வலி என்று நினைத்துக்கொண்டிருந்தவரை இருந்த பயம், விட்டு விட்டு வருகிற வலி என்று தெரிந்ததும் பாதி போய்விட்டது. அந்த வித்தியாசத்தை நான் மறக்கவில்லை. பிறகு சொல்கிறேன் எங்கே உதவியது என்று.

இப்போது, உனக்கு ஃபோனில் அரைகுறையாகத் தெரிந்த விஷயத்தை முழுசாகச் சொல்கிறேன். எனக்கு வாய் கோணிப்போன அந்தக் காலையில் நான் போவன்பள்ளி மார்க்கெட்டில், நம் கமிஷன் கடை வாசலில், வெங்காயத்துக்கு விலை கூறிக்கொண்டிருந்தேன். எதிரே மூட்டைகள், சுற்றி வியாபாரிகள். வாயைத் திறந்தால் "ஆலு, ஆலு" என்று உருளைக்கிழங்கின் பெயர் வருகிறது. கண்ணுக்கு வெங்காயம் தெரிகிறது, மனசிலும் வெங்காயம்தான். வாய் மட்டும் உருளைக்கிழங்கை எடுத்து நீட்டுகிறது. "ஆலு கஹாங் ஹை சேட்?" என்று, உருளைக்கிழங்கு எங்கே என்று ஒருவர் கேட்டார், எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்றுதான் நினைத்தேன். பக்கத்துக் கடை யாதகிரிதான் முதலில் சிரிப்பை நிறுத்தினான். "அன்னா, நீ மூதி வங்கர போதுந்தே" என்றான். உன் வாய் கோணுகிறதே என்று. அதற்குள் வலது கையிலிருந்து ரசீதுக் கட்டு நழுவிவிட்டது. அவன் என்னை ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு பக்கத்து கிளினிக்குக்கு ஓடினான். அங்கே ஒரு குறிப்பை டைப் செய்து கொடுத்து, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார்கள். பக்கவாதம், நேரத்தோடு போனதால் ஊசி போட்டுக் காப்பாற்ற முடிந்தது என்று பிறகு சொன்னார்கள். யாதகிரி சிரிப்பை நிறுத்தத் தெரிந்தவன் என்பதால் நான் இன்று எழுதுகிறேன்.

மறுநாள் நினைவு தெளிவாக இருந்தது. பசியும் தெளிவாக இருந்தது. ஆனால் வாய்க்கு ஒன்றும் கொடுக்கவில்லை. கையில் ஏறுகிற சலைன்தான் சாப்பாடு. சாயங்காலம் மூக்கு வழியாகக் குழாய் போட்டுக் கஞ்சி கொடுப்பதாக நர்ஸ் சொன்னாள். நான் உன் அம்மாவைப் பார்த்து "பசி" என்று சொல்ல எவ்வளவோ முயன்றேன். "பஸ்" என்று வந்தது. "வீட்டுக்கெல்லாம் இப்ப போக முடியாதுங்க, இன்னும் கொஞ்ச நாள் இங்கதான் இருக்கணும்" என்று அவள் என் தலையைத் தடவினாள். நான் மறுபடி "பஸ், பஸ்" என்கிறேன். "சரி, ஆட்டோல வேணாம், பஸ்லயே போலாம்" என்கிறாள். அந்த நேரத்தில் எனக்கு வந்த கோபத்தை எந்தச் சொல்லிலும் வைக்க முடியாது. இருந்த சொற்கள் எல்லாம்தான் இடம் மாறி உட்கார்ந்திருந்தனவே.

பேச்சு வராத மனிதனுக்குப் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருக்க உன் அம்மாவால் முடியவில்லை. கட்டில் காலடியில் மாட்டியிருந்த கேஸ் ஷீட்டை எடுத்துப் படிக்க ஆரம்பித்தாள். ஆபீஸ் பழக்கம், விரலை வரிக்கடியில் வைத்துக்கொண்டுதான் படிப்பாள். ஓரிடத்தில் விரல் நின்றது. டிஸ்ஃபேஜியா என்று இருந்தது. அப்படியென்றால் விழுங்க முடியாத நிலை. பேச முடியாத நிலைக்குப் பெயர் டிஸ்ஃபேசியா. இங்கிலீஷில் எழுதினால் நடுவில் ஒரே ஓர் எழுத்துத்தான் வித்தியாசம், ஒன்றில் ஜி, மற்றதில் எஸ். கிளினிக்கில் டைப் செய்த குறிப்பிலிருந்து அந்தச் சொல் அப்படியே இங்கே ஏறியிருந்தது. இவள் டியூட்டி டாக்டரைத் தேடிப் போய் அழைத்து வந்தாள். உன் வயதுதான் இருக்கும் அவருக்கு.

"இவருக்குப் பேச்சுத்தானே டாக்டர் வரல? முழுங்கறதுல தொந்தரவுன்னு யாரும் பாக்கலியே. இது எஸ் போட வேண்டிய இடம்னு நெனைக்கிறேன்" என்று இங்கிலீஷில் கேட்டாள்.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. ஷீட்டை வாங்கிப் படித்தார். "நீங்கள் சொல்வது சரியாக இருக்கலாம் மேடம். ஆனால் இந்த வியாதியில் ஒன்று இருந்தால் இன்னொன்றும் சேர்ந்து இருக்கலாம். ஜி என்று எழுதியிருப்பதை நம்பி நான் குழாய் போடக்கூடாது. எஸ் என்று நீங்கள் சொல்வதை நம்பி சாப்பாடும் கொடுக்கக்கூடாது. ஆளைப் பார்த்துவிடலாம்" என்றார். அப்படித்தான் ஃபர்ஹானா மேடம் என் கட்டிலுக்கு வந்தார்.

கையில் ஒரு ஸ்பூன், ஒரு டம்ளர் தண்ணீர், ஒரு வாழைப்பழம். என்னை நிமிர்த்தி உட்காரவைத்து, தொண்டையில் இரண்டு விரலை வைத்துக்கொண்டு, ஒரு ஸ்பூன் தண்ணீர் கொடுத்தார். இருமினேன். உன் அம்மாவின் முகம் வாடிவிட்டது. பிறகு வாழைப்பழத்தை மசித்து ஒரு ஸ்பூன். அது சுகமாக இறங்கியது. இன்னொரு ஸ்பூன். அதுவும் இறங்கியது. "ஹவ் அங்கிள், கேலா சலேகா. பானி அபீச் நக்கோ" என்றார். பழம் சாப்பிடலாம், தண்ணீர் மட்டும் இப்போதைக்கு வேண்டாம் என்று. குழாய் வேண்டாம் என்று எழுதிவிட்டுப் போனார். உன் அம்மா எனக்குக் குழைந்த தயிர்சாதம் ஊட்டிக்கொண்டே, "எஸ்ஸு நெறைய இருக்கு, ஜியும் கொஞ்சூண்டு இருக்கு. நான் முழுசா கரெக்ட் இல்லபோல" என்றாள். அப்படி ஒரு தயிர்சாதத்தை நான் அதற்கு முன்னும் சாப்பிட்டதில்லை, பின்னும் இல்லை. அவள் ஓர் எழுத்தைப் பார்த்ததால்தான் யாரோ என்னைப் பார்த்தார்கள். ஆனால் எழுத்தைத் திருத்தியதோடு வேலை முடியவில்லை, ஸ்பூன் எடுத்து ஒருவர் வர வேண்டியிருந்தது. இரண்டையும் சேர்த்து ஞாபகம் வைத்துக்கொள்.

அடுத்த நாள் மத்தியானம் நீ புனேயிலிருந்து வந்து சேர்ந்தாய். பின்னால் ஒரு பெண், தோளில் உன் லேப்டாப் பையும் மாட்டிக்கொண்டு. "அப்பா, இவங்க சாஹிதி. கொலீக். வீடு இங்கதான், தார்நாகால. ஒரே ஃப்ளைட்ல வந்தோம்" என்றாய். நான் தலையாட்டினேன். சாயங்காலம் யாதகிரி என்னைப் பார்க்க வந்தபோது அவனிடம் "மை ஃப்ரெண்ட், சாஹிதி" என்றாய். நீங்கள் இருவரும் டீ குடிக்கப் போனதும் உன் அம்மா என் காதருகே குனிந்தாள். "மத்தியானம் கொலீக், சாயங்காலம் ஃப்ரெண்டு. கூட வேலை செய்றவங்க கொலீக். நாமளா தேடிக்கறது ஃப்ரெண்டு. அந்தப் பொண்ணு இவன் பையைத் தூக்கினு வருது, இவன் அதோட செருப்பை எடுத்து ஓரமா வெக்கறான். எந்த கொலீக்குக்கு இதைச் செய்வான்?" என்றாள். குரலில் கோபம் இல்லை. ஆனால் ஆம்பூரில் இருக்கிற உன் மாமா மூலமாக ஒரு ஜாதகம் வந்து, அதைப் பற்றி அவள் உன்னிடம் பேசுவதற்கு நாள் பார்த்துக்கொண்டிருந்தாள் என்பது எனக்குத் தெரியும். எனக்குக் கவலையாகிவிட்டது. நடுவில் பேசிச் சமாளிக்க வேண்டிய ஆள் நான், என் பேச்சோ இப்படிக் கிடக்கிறது.

ஃபர்ஹானா மேடம் தினம் வந்து படங்களைக் காட்டி என்னைப் பேசவைத்தார். சீப்பைக் காட்டினால் கண்ணாடி என்பேன். கதவைக் காட்டினால் ஜன்னல் என்பேன். உன் அம்மா அழுதுவிடுவாள் போலிருந்தாள். அவர்தான் விளக்கினார்: மூளைக்குள்ளே சொற்கள் தெருவாகக் குடியிருக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். இவர் சரியான தெருவுக்குத்தான் போகிறார். கதவு தட்டுவது மட்டும் பக்கத்து வீட்டில். சீப்புக்கு மாடு என்று சொன்னால்தான் கவலைப்பட வேண்டும். தவறாகச் சொன்னால் கோபப்படாமல் சரியான சொல்லை ஒரு முறை சொல்லுங்கள், திரும்பச் சொல்லவையுங்கள், போதும். உன் அம்மாவுக்கு இது பிடித்துப்போயிற்று. அவளுக்குத் தெரிந்த வேலைதானே. "கண்ணாடி இல்ல, சீப்பு. சொல்லுங்க, சீப்பு" என்று நாள் முழுக்கத் திருத்தினாள். ஒன்றையும் விடவில்லை.

அந்த வாரக் கடைசியில்தான் அது நடந்தது. நீ மருந்து வாங்கக் கீழே போயிருந்தாய். பார்வையாளர் நேரத்தில் சாஹிதி வந்தாள், அவள் வீட்டிலிருந்து ஒரு ஃபிளாஸ்க்கில் பார்லிக் கஞ்சி எடுத்துக்கொண்டு. அதைக் கெட்டியாகக் காய்ச்ச வேண்டும் என்று யாரிடமோ கேட்டுத் தெரிந்துகொண்டு வந்திருந்தாள். நீ திரும்பி வந்து வாசலில் நின்றாய். உன் அம்மா ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள். நான் சாஹிதியை ஏதாவது விசாரிக்க வேண்டும் என்று நினைத்தேன். பார்க்க வந்த பெண், தெலுங்குப் பெண், தெலுங்கிலேயே கேட்போம் என்று, "பாப்பா சாப்பிட்டாளா" என்று கேட்கத்தான் வாயெடுத்தேன். "கோடலு தின்னதா?" என்று வந்தது.

கோடலு என்றால் மருமகள். அறையில் எல்லோருக்கும் அது தெரியும். உன் கையிலிருந்த மருந்துப் பை அப்படியே நின்றது. நான் சொன்னது தப்பு என்பது எனக்கே காதில் விழுந்தது. உன் அம்மா பக்கம் திரும்பினேன், திருத்துவாள் என்று. சாஹிதி ஃபிளாஸ்க்கின் மூடியை மெதுவாகத் திருகிக்கொண்டே, என்னைப் பார்த்து, "தின்னானு மாமய்யா" என்றாள். சாப்பிட்டேன் மாமா என்று, மாமனாரைக் கூப்பிடுகிற முறையில். மரியாதையாக, சாதாரணமாக, பல வருடம் சொல்லிப் பழகியவள் போல.

உன் அம்மா ஒரு சுளையைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சீப்பையும் கண்ணாடியையும் விடாதவள் இதை விட்டுவிட்டாள். அந்தச் சுளையைச் சாஹிதியிடம் நீட்டி, "ஒக்காரும்மா" என்று மட்டும் சொன்னாள்.

நான் வேண்டுமென்றே சொன்னேனா என்று பிறகு பலரும் கேட்டுவிட்டார்கள். நீயும் கேட்டாய். இல்லை, பாப்பா என்று சொல்லத்தான் நினைத்தேன், சத்தியமாக. ஆனால் ஃபர்ஹானா மேடம் சொன்னதை நினைத்துப் பார்க்கிறேன். தெரு சரியான தெருதான்.

சாஹிதி போன பிறகு நீயும் அம்மாவும் என் கட்டிலுக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்து பேசினீர்கள். நான் தூங்குகிறேன் என்று நினைத்திருந்தீர்கள். நான் கண்ணைத் திறக்காமல் கேட்டுக்கொண்டிருந்தேன், திறந்தால் நீங்கள் நிறுத்திவிடுவீர்களே என்று.

"எவ்ளோ நாளா?" என்றாள் அம்மா.

"ரெண்டு வருஷமா."

"இது சீக்ரெட்டா பாலா, ப்ரைவேட்டா?"

நீ புரியாமல் பார்த்திருப்பாய். அம்மாதான் பேசினாள். "ப்ரைவேட்டுன்னா உன்னோட விஷயம், நீயே வெச்சிக்கலாம், எனக்குக் கோபமில்ல. எனக்கும் அப்படி இருக்குது. சீக்ரெட்டுன்னா எனக்குத் தெரியக்கூடாதுன்னு மறைச்சது. எதுன்னு நீதான் சொல்லணும்."

"ப்ரைவேட்டாதான் இருந்துச்சு மா" என்றாய் நீ. வழக்கமாக இந்த மாதிரி நேரத்தில் இங்கிலீஷுக்குத் தாவிவிடுகிறவன், அன்று தமிழிலேயே தேடித் தேடிப் பேசினாய். "நீ ஜாதகம் வந்துருக்குன்னு சொன்ன பாரு, அன்னைக்கு சொல்லிருக்கணும். சொல்லல. அன்னையிலருந்து சீக்ரெட் ஆயிடுச்சு."

"சரியா சொன்ன" என்றாள் அம்மா. இவ்வளவு வருடத்தில் அவள் அந்தப் பாராட்டை யாருக்கும் எளிதில் கொடுத்ததில்லை. மறுநாள் காலையில் அவளே ஆம்பூருக்கு ஃபோன் பண்ணி, ஜாதகத்தைத் திருப்பி அனுப்பிவிடுவதாகச் சொல்லிவிட்டாள். உன் மாமா கொஞ்ச நாள் முறுக்கிக்கொண்டிருந்தார். இப்போது கல்யாணத்துக்கு ரயில் டிக்கெட் எடுத்துவிட்டார்.

தார்நாகாவுக்குப் பெண் கேட்கப் போனது உனக்குத் தெரிந்த கதைதான். ஆனால் ஆட்டோவில் நடந்தது உனக்குத் தெரியாது, நீ பைக்கில் வந்தாய். சாஹிதியின் அப்பா ஆராய்ச்சிக்கூடத்தில் விஞ்ஞானியாக இருந்து ரிடையர் ஆனவர், அவரிடம் ஒரு வரியாவது இங்கிலீஷில் மரியாதையாகச் சொல்ல வேண்டும் என்று எனக்கு ஆசை. "ஆனர்டுன்னு சொல்லுங்க, உங்க வீட்டுக்கு வந்தது எங்களுக்குக் கௌரவம்னு அர்த்தம்" என்றாள் அம்மா. எனக்கு அது மேடைப் பேச்சு மாதிரி இருந்தது. இன்னும் பணிவாக ஒன்று வேண்டும் என்றேன். "அப்போ ஹம்பிள்டுன்னு சொல்லுங்க" என்றாள். ஹப்சிகுடா சிக்னல் தாண்டும்வரை சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். அவர் வாசலிலேயே வந்து கையைப் பிடித்துக்கொண்டார். நான் நிமிர்ந்து நின்று, "வீ ஆர் ஹ்யூமிலியேட்டட் டு கம் டு யுவர் ஹவுஸ்" என்றேன்.

உங்கள் வீட்டுக்கு வந்ததில் எங்களுக்குப் பெருத்த அவமானம் என்று அதற்குப் பொருள். பணிவும் அவமானமும் இங்கிலீஷில் ஒரே வேரிலிருந்து வந்தவையாம், அம்மா பிறகு சொன்னாள். அது எனக்கு அப்போது என்ன பிரயோசனம். நீ சுவரைப் பார்த்தாய். சாஹிதி துப்பட்டாவை வாயில் வைத்துக்கொண்டாள். அந்த மனிதர் என் கையை விடவே இல்லை. "முந்து தினண்டி, பாவகாரு" என்றார் தெலுங்கில். "முதலில் சாப்பிடுங்கள், அவமானத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்." முதலில் சிரித்தது உன் அம்மாதான். பாவகாரு என்று அவர் சம்பந்தி முறை வைத்துக் கூப்பிட்டதை நான் பெசரட்டு தோசையைப் பாதி சாப்பிட்ட பிறகுதான் கவனித்தேன். கேட்க வந்த விஷயத்தைக் கேட்பதற்கு முன்னாலேயே பதில் வந்துவிட்டிருந்தது.

கல்யாணமாகப் போகிறவனுக்கு அப்பா ஏதாவது சொல்ல வேண்டும் என்று ஒரு வழக்கம் இருக்கிறது. எனக்குத் தெரிந்தது கொஞ்சம்தான். நீங்கள் இருவரும் வீட்டில் மூன்று பாஷை பேசப் போகிறீர்கள். எந்த பாஷை பேசினாலும் சோர்ந்துபோன நேரத்திலும் கோபத்திலும் வாய்க்குப் பக்கத்து வீட்டுச் சொல்தான் அகப்படும். அதற்கு வியாதி வரவேண்டியதில்லை. பயமாக இருக்கிறது என்று சொல்ல வந்தவள் எரிச்சலாக இருக்கிறது என்பாள். தனியாக உட்கார்ந்திருக்க வேண்டும் என்று சொல்ல வந்த நீ, தனியாக விடு என்பாய். இரண்டும் ஒன்றுபோலத் தெரியும், கேட்கிறவருக்கு ஒன்று நாற்காலி, மற்றது வாசல்கதவு. அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு வழக்காடாதே. என்னைப் பார்க்க ஸ்பூன் எடுத்துக்கொண்டு வந்தார்களே, அந்த மாதிரி பக்கத்தில் போய் உட்கார்ந்து, எது இறங்குகிறது எது இறங்கவில்லை என்று பார். அதே சமயம் உன் சொல்லை நீ கொடுக்கும்போது அம்மா மாதிரி இரு, வரிக்கடியில் விரலை வைத்துப் பார்த்துக் கொடு.

அந்த கன்டினுவஸ், கன்டினுவல் விஷயம் உதவியது இங்கேதான். எனக்கும் உன் அம்மாவுக்கும் நடுவில் எத்தனையோ நாள் பேச்சே இருந்ததில்லை. அவள் ஷிஃப்டு முடிந்து வரும்போது நான் மார்க்கெட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருப்பேன். அந்த நாட்களில் இது விட்டுப்போயிற்றோ என்று எனக்குத் தோன்றும். விட்டுப்போகவில்லை, நடுவில் நின்றிருந்தது, அவ்வளவுதான். திரும்பத் திரும்ப வந்துகொண்டிருக்கிற ஒன்று அது. உங்களுக்கும் இடைவெளிகள் வரும். வந்தால் பயந்துபோகாதே. ஆனால் திரும்பி வருவதற்கு நீயாக ஒரு டீயாவது போட்டுக் கொடுக்க வேண்டியிருக்கும், அது தானாக வந்துவிடாது.

இன்னும் என்னவோ எழுத நினைத்து உட்கார்ந்தேன். அதற்குள் சாஹிதியின் அம்மா ஃபோன் பண்ணினார், விருந்தில் கோங்குரா பச்சடி வைக்கலாமா, நீங்கள் சாப்பிடுவீர்களா என்று கேட்டு. புளிச்சக்கீரை என்றால் எனக்கு எப்படி என்று உனக்குத் தெரியும். உன் அம்மா ஃபோனில், "எஸ் எஸ், வீ லைக் இட்" என்றாள். நான் இங்கிருந்தே கையைக் காட்டி, "லைக் இல்ல, லவ்வுன்னு சொல்லு. ஐ லவ் இட்" என்றேன். தடுமாறாமல், தேடாமல், முதல் தடவையிலேயே சரியாக வந்தது. அந்த அம்மாவுக்கும் கேட்டிருக்கும், சிரிப்புச் சத்தம் வந்தது.

ஃபோனை வைத்துவிட்டு உன் அம்மா என் பக்கம் திரும்பினாள். "கல்யாணம் ஆன நாள்லருந்து இந்த வார்த்தைய உங்க வாயில இப்பதான் கேக்கறேன்" என்றாள். "அதுவும் புளிச்சக்கீரைக்கு."

சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள். பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்கிறது. பேனாவை இங்கே வைத்துவிடுகிறேன் பாலா. வாயில் சொல் சரியாக நிற்கும்போதே நான் எழுந்து சமையலறைக்குப் போக வேண்டும்.

அன்புடன்,
அப்பா